590 ரூபாய் ரஸ்ட் கன்வர்ட்டரும் ஓர் ஈர்க்குச்சியும்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். ரஸ்ட் கன்வர்ட்டர் என்பது துருவின் மேல் பூசினால் அதைக் கருப்புப் படலமாக மாற்றுகிற திரவம். பாட்டிலுக்குள் இருக்கும் அந்தச் சரக்குக்கு ஐந்துக்கு மூன்றரை. பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் "துருவைச் சுரண்ட வேண்டாம், அப்படியே பூசுங்கள்" என்ற வாசகத்துக்கு முட்டை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவள் நான். ஒரு மழைக்காலம் முழுக்க வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பேப்பரைத் திருத்தியிருக்கிறேன்.

வண்டி அப்பாவுடையது. 2005 மாடல் மாருதி 800, வெள்ளை, டிஎன் 69. வீடு தூத்துக்குடி முத்தையாபுரத்தில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பக்கத்தில் உப்பளம், அதைத் தாண்டினால் கடல். காலையில் வண்டிக் கண்ணாடியை விரலால் வழித்து நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பு சும்மா இருக்காது, காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்புத்தண்ணீர் படிந்தபடியே இருக்கும். இரும்புக்கு அது போதும்.

அப்படியும் பதினெட்டு வருஷம் அப்பா அந்த வண்டியைப் பச்சைப்பிள்ளையைத் துடைப்பதுபோலத் துடைத்து வைத்திருந்தார். கெட்டது 2023 டிசம்பர் வெள்ளத்தில்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அந்த மழை. எங்கள் வாசலில் மூன்று நாள் தண்ணீர் நின்றது, கார்க் கதவில் பாதி உயரத்துக்கு. எஞ்சினை மெக்கானிக் எப்படியோ காப்பாற்றிக் கொடுத்தார். சீட்டையும் மேட்டையும் மொட்டை மாடியில் காயப்போட்டோம். வண்டி ஓடியது, அந்தச் சந்தோஷத்தில் பாடியை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஆடியில் வண்டியைக் கழுவும்போது பார்க்கிறேன், இடது பக்க ரன்னிங் போர்டில், அதாவது கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டில், அம்மை போட்டதுபோலப் பெயிண்ட் பொரிப்பொரியாக எழும்பியிருக்கிறது. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். செங்கல் பொடி போலக் கொட்டியது. இரும்பு துருவானால் பழைய இடத்தில் அடங்காது, பல மடங்கு உப்பும். வெளியே தெரிகிற கொப்புளம் அந்த உப்பல்தான். அதாவது, கொப்புளம் கண்ணில் படும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

தெரிந்த டிங்கர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். சுத்தியல் பிடியால் ரன்னிங் போர்டை நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங், தொப்.

"டீச்சர், இந்த எடத்துல தகடே இல்ல. பெயிண்டுதான் நிக்குது."

"மொத்தமும் பாத்தா எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?"

"பெயிண்டோட சேத்து பதினாலு ரூவா ஆயிரும்."

பதினாலு என்றால் பதினாலாயிரம். அநியாய விலை இல்லை, வேலை அவ்வளவு இருக்கிறது. ஆனால் இப்படி மூன்று தடவை செலவழித்தால் அது வண்டியின் இன்றைய விலையையே முழுங்கிவிடும். ஓட்டையை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு மற்றதை நானே பார்ப்பது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

இப்படித்தான் 2025 ஜனவரியில் அந்தப் பாட்டிலை ஆன்லைனில் வாங்கினேன். அரை லிட்டர், 590 ரூபாய், கூடவே ஒரு பிரஷ் இலவசம். கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. கடையில் கிடைக்கும் ரஸ்ட் கன்வர்ட்டர்களில் பெரும்பாலும் இரண்டு சரக்குதான் மாறி மாறி இருக்கும்: ஒன்று டானிக் அமிலம், இல்லாவிட்டால் பாஸ்பாரிக் அமிலம். சிலதில் இரண்டும். வாங்குமுன் லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள், முன்பக்கம் வேண்டாம். என்னுடையது டானிக் அமிலத்தோடு பால் போன்ற ஒரு பாலிமரும் கலந்தது. பூசினால் கருப்பாகி, காய்ந்ததும் தோல் மாதிரிப் படிந்துவிடும். கழுவக் கூடாது. பாஸ்பாரிக் வகையில் சிலவற்றைப் பூசிய பிறகு கழுவித் துடைக்கச் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மேலே அடிக்கிற பெயிண்ட் நிற்காது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை என் அம்மாவுக்குச் சமையலறையில் வைத்தே விளக்க முடிந்தது. வாழைப்பூ நறுக்கினால் அரிவாள்மனை கருத்துப்போகும் இல்லையா, அதேதான். வாழைப்பூவின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே கணக்கு. கடுக்காயின் துவர்ப்பு டானின், அன்னபேதி இரும்பு உப்பு. பாட்டிலில் இருப்பது விலை கூடிய கடுக்காய்க் கஷாயம் என்று சொன்னால் பெரிய பொய் இல்லை. "இதுக்கா அறுநூறு ரூவா?" என்று அம்மா கேட்டாள். பாலிமருக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

பிப்ரவரியில் இரண்டு சனி, ஞாயிறு ஒதுக்கினேன். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு அதுதான் மாதம். மழை போயிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சித்திரை வெயிலில் இந்தத் திரவத்தைப் பூசினால் துருவுக்குள் இறங்குமுன்பே மேலே ஆடை கட்டிவிடும்.

லேபிளை நம்புவதா வேண்டாமா என்று சந்தேகம் இருந்ததால் வண்டியையே பரிசோதனைக்கூடம் ஆக்கினேன். இடது பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வீல் ஆர்ச் விளிம்பில் வயர் பிரஷ் போட்டு, ஷாம்பு தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, 80 நம்பர் எமரி தேய்த்து, அதன் பிறகு கன்வர்ட்டர். டிக்கி கதவின் கீழ் விளிம்பில் லேபிள் சொன்னபடியே தூசியை மட்டும் துணியால் தட்டிவிட்டு நேரடியாகக் கன்வர்ட்டர். வலது பக்க ரன்னிங் போர்டில் கன்வர்ட்டரே இல்லை. மச்சானிடம் கடன் வாங்கிய நாலு இஞ்ச் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (எமரித் துண்டுகளை அடுக்கி ஒட்டிய தட்டு) மாட்டி, தகடு வெள்ளிபோல மின்னும்வரை தேய்த்து, அன்றே எபாக்சி பிரைமர், பெயிண்டுக்கு அடியில் அடிக்கிற காப்புப் பூச்சு. நாலாவதாக இடது முன் கதவின் அடி விளிம்பு. அதன் கதை தனி, பின்னால் வருகிறேன்.

கிரைண்டர் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 800-க்குப் பெட்ரோல் டேங்க் பின்னால் அடியில் இருக்கிறது. தீப்பொறி பறக்கிற சாமானை அங்கே கொண்டுபோகாதீர்கள். வீல் ஆர்ச் வேலையைக் கையாலேயே, வயர் பிரஷாலும் எமரியாலும் முடித்தேன். தோள்பட்டை நாலு நாள் பேசியது. கண்ணாடி, மாஸ்க், கையுறை மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். வயர் பிரஷிலிருந்து ஒரு கம்பி பிய்த்துக்கொண்டு வந்து என் சுடிதார்த் துணியில் ஊசி மாதிரிக் குத்தி நின்றது.

பூசும்போது பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. பால் வெள்ளையாக இறங்கிய திரவம் நான்கைந்து நிமிஷத்தில் ஊதா ஓடி, இருபது நிமிஷத்தில் நல்ல கருப்பு. துரு இல்லாத இடத்தில் கருக்கவில்லை, காய்ந்து கண்ணாடித்தாள் மாதிரி நின்றது. இரண்டாவது கை பூசி ஒரு நாள் முழுக்க விட்டேன். இலவச பிரஷ் மயிரைக் கொட்டியது, மூன்று மயிர் இன்றும் வீல் ஆர்ச்சின் உள்விளிம்பில் பெயிண்டுக்கு அடியில் படுத்திருக்கிறது. பத்து ரூபாய் பிரஷ் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: தேவையான அளவைப் பழைய கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பூசுங்கள். துருப் பட்ட பிரஷைப் பாட்டிலுக்குள் விட்டால் பாட்டிலுக்குள்ளேயே வேலை ஆரம்பித்துவிடும். மிச்சத்தைத் திரும்ப ஊற்றவும் கூடாது.

நடுவில் ஒரு திருப்பம். பெயிண்ட் கடைக்காரர், பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை வண்டி முழுக்க ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். வலது பின் சக்கரத்துக்கு மேலே ஓரிடத்தில் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. சுரண்டினால், பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி வந்துகொண்டே இருக்கிறது, விரல் கனத்துக்கு. பட்டிக்குப் பின்னால் என்ன தெரியுமா? நாலாக மடித்த செய்தித்தாள். எழுத்தெல்லாம் அழிந்து கூழாகியிருந்தது. அப்பா எப்போதோ எங்கோ ஒரு பட்டறையில் காசு கொடுத்து வாங்கிய வேலை. எந்தப் பட்டறை என்று இனித் தெரியப்போவதில்லை, தெரிந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். ஓட்டையில் காகிதத்தை அடைத்துப் பட்டி பூசினால் வெளியே வழுவழுவென்றுதான் இருக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும், காகிதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுற்றியுள்ள நல்ல தகடும் அதோடு போகும்.

இரண்டு ஓட்டையையும் அண்ணாச்சியிடமே விட்டேன். ரன்னிங் போர்டு என்பது அழகுக்கு வைத்தது இல்லை. இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் பாரத்தைத் தாங்குகிறது. அங்கே ஓட்டையைப் பட்டியாலோ ஃபைபராலோ மூடுவது நம்மை நாமே ஏமாற்றுவது. துருப்பிடித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்துவிட்டு, 20 கேஜ் சிஆர் ஷீட்டில் (மெல்லிய இரும்புத் தகடு) துண்டு வெட்டி சிஓ2 வெல்டிங் வைத்தார். நீளமாக ஒரே இழுப்பாக இழுக்காமல் இங்கொன்று அங்கொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனார். இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடுமாம். இரண்டுக்கும் சேர்த்து 1,500 ரூபாய். வீட்டில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: வெல்டிங் தெரியாவிட்டால் இந்த இடத்தில் மட்டும் கையை வைக்காதீர்கள்.

பட்டி போடுவது கேக்குக்குக் கிரீம் தடவுவது மாதிரி என்று நினைத்திருந்தேன். எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு கடலை அளவு போதும். முதல் தடவை பயத்தில் கொஞ்சம் கூடவே பிதுக்கிவிட்டேன். குழைத்துத் திரும்புவதற்குள் தகட்டிலேயே கல்லாகிவிட்டது, கரண்டியோடு சேர்ந்து. அந்தக் கரண்டி இப்போது அம்மாவின் வழக்குக் கோப்பில் இருக்கிறது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. மெல்லிசாக இரண்டு கை, காய்ந்ததும் 120, அப்புறம் 240 நம்பர் எமரி. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், குடித்துவிடும். பிரைமர் அடித்த பிறகு வாட்டர் பேப்பரில் எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் விடலாம். பழக்கப்படாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கைக்குத் தெரியும்.

நிறத்துக்கு நான் கவலையே படவில்லை, அதில்தான் கொஞ்சம் சறுக்கினேன். எஞ்சின் பக்கம் உள்ள பிளேட்டில் கலர் குறியீடு இருக்கும். எங்களுடையது 26யூ, சுப்பீரியர் ஒயிட். பெயிண்ட் கடையில் குறியீடு சொன்னதும் கலந்து ஸ்பிரே டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிட்டார்கள், ஒரு டப்பா 480 ரூபாய். கலவை அச்சு அசல். ஆனால் வண்டியின் வெள்ளை இருபது வருஷ வெயில் தின்ற வெள்ளை. பழைய வேட்டியில் புதுத் துணி ஒட்டுப்போட்ட மாதிரி ரன்னிங் போர்டு மட்டும் பளிச்சென்று நின்றது. சுற்றுவட்டாரத்தை ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்டின் மங்கிய மேல்பரப்பைத் தேய்த்தெடுக்கும் பசை) போட்டுத் தேய்த்ததில் பழையதும் கொஞ்சம் வெளுத்து, இரண்டும் ஒருமாதிரி சமாதானமாகிவிட்டன. சில்வர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். மெட்டாலிக் கலரை டப்பாவில் அடித்து ஒட்டுத் தெரியாமல் செய்வது என்னைப் போன்றவர்களுக்கு ஆகாது.

இனி அந்த நாலாவது இடம். இடது முன் கதவின் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரு கொப்புளம். அதைத் தேய்க்க உட்காரும்போது கதவின் அடி விளிம்பில் மூன்று சின்னத் துளைகள் கண்ணில் பட்டன. ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வைத்த வழி. மூன்றும் அடைத்திருந்தன, வெள்ளத்தில் வந்த வண்டல். ஊசி, கம்பி எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை, வாசலில் கிடந்த தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் குத்தினேன். நடுத்துளை திறந்ததும் என் மணிக்கட்டில் ஏதோ வழிந்தது. காப்பி நிறத்தில் தண்ணீர். நிற்காமல் வந்தது, ஒரு டம்ளருக்குக் குறையாது. சாக்கடை நாற்றம். மழை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது! அவ்வளவு நாளும் கதவு தன் வயிற்றில் தண்ணீரை வைத்துக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடம் வந்து போயிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வெளிப்பக்கம் பூசிக்கொண்டிருந்தேன், துரு உள்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. எந்தப் பாட்டிலும் தகட்டைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாது. நாலு கதவின் துளைகளையும், ரன்னிங் போர்டுக்கு அடியில் இருப்பவற்றையும், டிக்கி கதவின் துளைகளையும் ஈர்க்கால் குத்திவிட்டேன். நல்ல தண்ணீர் விட்டு அலசி, இரண்டு நாள் கதவுகளைத் திறந்துபோட்டுக் காயவைத்து, நீளக் குழாய் வைத்த மெழுகு ஸ்பிரேயை உள்ளே அடித்தேன். அண்ணாச்சி பழைய எஞ்சின் ஆயிலே போதும் என்றார். அது மலிவுதான், ஆனால் கதவு ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும், கறுப்பாக ஒழுகவும் செய்யும். அந்த ஒரு ரூபாய்க் கொப்புளத்தை வேண்டுமென்றே தொடவில்லை. அதைச் சுற்றி அழியாத பேனாவால் வட்டம் போட்டுவிட்டு விட்டேன். தெருப்பிள்ளைகள் கண் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆயிற்று, வடகிழக்குப் பருவமழையும் வந்து போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வண்டி வாசலில்தான் நின்றது. பொங்கலுக்கு வண்டியைக் கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன்.

லேபிள் சொன்னபடி பூசிய டிக்கி விளிம்பு ஆவணியிலேயே கொப்பளிக்கத் தொடங்கி, தீபாவளி மழைக்குப் பின் அப்பளம் போல ஒரே துண்டாக உரிந்து வந்துவிட்டது. உரிந்ததைத் திருப்பிப் பார்த்தேன். மேலே அழகான கருப்புத் தோல், அடியில் ஆரஞ்சுப் பொடி. திரவம் தொட்ட மட்டும்தான் மாறியிருக்கிறது. அடுக்கடுக்காக இருந்த துருவின் அடி அடுக்கும், கழுவாமல் விட்ட உப்பும் அப்படியே உள்ளே இருந்திருக்கின்றன. தோலைப் போர்த்தி வைத்ததுதான் மிச்சம்.

சுரண்டிக் கழுவிப் பூசிய வீல் ஆர்ச் நன்றாக இருக்கிறது, ஊசிமுனை அளவில் இரண்டு புள்ளி தவிர. கன்வர்ட்டரே இல்லாமல் பளபளவென்று தேய்த்து எபாக்சி அடித்த வலது ரன்னிங் போர்டு அதைவிட ஒரு படி மேல். ஆனால் அங்கேயும் டிஸ்க் நுழையாத ஒரு மடிப்பு மூலையில் பழுப்புக் கோடு ஒன்று எட்டிப் பார்க்கிறது. கன்வர்ட்டருக்கு நான் கொடுத்த மூன்றரையும் அந்த மூலைக்காகத்தான். எமரியும் டிஸ்கும் போக முடியாத குழியிலும் மடிப்பிலும் அது உபயோகம். தேய்த்து எடுக்க முடிகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை. அரை லிட்டரும் வேண்டாம், நூறு மில்லி பாட்டில் கிடைத்தால் தாராளம்.

பேனா வட்டத்துக்குள் இருந்த கொப்புளம்? வட்டத்தைத் தாண்டவில்லை. ஒரு பெயிண்டும் இல்லை, ஒரு பூச்சும் இல்லை, உள்ளே தண்ணீர் நிற்காமல் செய்து மெழுகு அடித்ததோடு சரி.

செலவுக் கணக்குக் கேட்பீர்கள். கன்வர்ட்டர் 590, பட்டி 320, எபாக்சி பிரைமர் 450, கலர் ஸ்பிரே இரண்டு டப்பா 960, எமரி, வாட்டர் பேப்பர் எல்லாம் 150, ஃபிளாப் டிஸ்கும் வயர் பிரஷும் 120, மாஸ்கிங் டேப் 60, மெழுகு ஸ்பிரே 520. அண்ணாச்சிக்கு 1,500. ஆக 4,670. அம்மாவின் கரண்டி இதில் சேரவில்லை.

பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மூடியை இறுக்கித்தான் வைத்தேன், ஆனாலும் ஆறு மாதத்தில் தயிராகத் திரள ஆரம்பித்துவிட்டது. வீணாக்க மனசில்லாமல் கிணற்றடி இரும்பு ராட்டினத்தை அம்மா சாம்பலும் தேங்காய்நாரும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்துக் கொடுக்க, திரளாத மேல்தண்ணியை அதற்குப் பூசினேன். இன்றுவரை கருகருவென்று இருக்கிறது. டிக்கி கதவைத்தான் இந்த மாசிக்குள் மறுபடி முதலிலிருந்து சுரண்ட வேண்டும். மச்சானிடம் கிரைண்டர் கேட்டிருக்கிறேன்.